கோட்டுக்குக் கீழே இறங்காத அலை

ஆலை முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்த தொழிற்சங்கத் தலைவர், ஓய்வு பெற்றபின் தன் வீட்டுப் பாத்திரத் தொட்டியிடம் தோற்றுக்கொண்டிருந்தார். "நான் வேலைக்குப் போறேன், நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று மனைவி எல்லாப் பாத்திரத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டாள். ஊருக்கே உரிமை வாங்கிக் கொடுத்தவர் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவதா?

கல்லூரியில் படிக்கும் மகள் சைன் வளைவு வரைவதைப் பார்த்ததும் தலைவருக்குப் பொறி தட்டியது. கோட்டுக்கு மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம், மறுபடி மேடு. உடனே மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு, இனி இந்த வீட்ல சமத்துவம்! அலை கோட்டுக்கு மேல இருக்கிற நாள்ல நீ கழுவணும், கீழ போனா நான்."

"அலையா வந்து சட்டி தேய்க்கப் போகுது?"

"அறிவியல்மா இது, கிண்டல் பண்ணாத."

"சரி, வரைஞ்சு கொண்டாங்க தலைவரே."

மகளின் கால்குலேட்டரில் முப்பது, அறுபது, தொண்ணூறு என்று நாளுக்கு ஒரு கோணமாகத் தட்டினார். வந்த ஒவ்வொரு சைன் மதிப்போடும் ரகசியமாக இரண்டைக் கூட்டி அலையை வரைந்தார். சைன் மைனஸ் ஒன்றுக்குக் கீழே போகாது. இரண்டைக் கூட்டிவிட்டால் அலை எவ்வளவு முக்கினாலும் கோட்டைத் தொடாது. நிர்வாகம் பொடி எழுத்தில் ஏமாற்றும். தலைவர் எழுத்தே இல்லாமல் ஏமாற்றினார். கூட்டிய இரண்டு தெரியக் கூடாதே என்று அச்சுக்கோட்டில் ஓர் எண்கூடப் போடவில்லை. பாத்திரம் கழுவும் விதியைத் தாளின் பின்பக்கம் எழுதினார்.

மனைவி படத்தைப் பார்த்தாள். "ஏங்க, பள்ளம்கூட கோட்டுக்கு மேலயே நிக்குதே?"

"கணக்குக்கு ஓரவஞ்சனை தெரியாது. நான் என்ன பண்ண?"

"கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"உயிரே போனாலும் ஒரு எழுத்து மாறாது!"

இருவரும் பின்பக்கம் கையெழுத்திட்டார்கள். தலைவர் பேனாவை மூடுவதற்குள், அவள் தாளை வாங்கிப் போய் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினாள்.

"அட, தலைகீழா ஒட்டியிருக்கே!"

"எது மேல்பக்கம்னு எங்கயாவது போட்டிருக்கீங்களா?"

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். எண் இல்லை, எழுத்து இல்லை, ஓர் அம்புக்குறிகூட இல்லை. அலை மட்டும் அழகாக, முழுசாக, கோட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் தேய்க்கும் நாரை நீட்டினாள். "அடிப்பிடிச்ச சட்டியிலேர்ந்து ஆரம்பிங்க, தலைவரே."