ரூபாய்க்கு ஓரணா சர்வீஸும் ஒரு வாளி சாம்பாரும்

மட்டாஞ்சேரி
14-9-1958, ஞாயிறு மாலை

மகாராஜராஜஸ்ரீ சிவராமகிருஷ்ண அத்திம்பேர் அவர்களுக்கு வெங்கிடாசலம் அநேக நமஸ்காரம். பகவத் கிருபையால் இங்கே விசாலாக்ஷியும் குழந்தை சுந்தரியும் நானும் சௌக்கியம். கல்பாத்தியில் தாங்களும் நீலாம்பாள் அக்காவும் சௌக்கியமாயிருப்பீர்கள். தங்கள் முழங்காலுக்குத் தைலம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் அனுப்புகிறேன். நிற்க.

தாங்கள் பார்த்துச் சொன்ன லக்ஷ்மிநாராயண ஐயரும் அவர் பிள்ளையும் இன்று மூன்று மணிக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். சுந்தரிக்குப் பையனைப் பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, சாயங்காலம் முழுக்கக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அதைப் பார்க்கவே எனக்கு நெஞ்சு நிறைந்து போகிறது. ஆனால் இந்தக் கல்யாணம் நடப்பதும் நடக்காததும் இப்போது தங்கள் கையில் இருக்கிறது. பதறவேண்டாம். என் பேரில் தப்பு ஒன்றுமில்லை என்பது கீழே எழுதியிருப்பதைப் படித்தால் தெரியும்.

காலையில் வீட்டை மெழுகிக் கோலம் போட வேண்டும், காலில் காலில் மிதிபடாதீர்கள் என்று விசாலம் என்னை வெளியே துரத்திவிட்டாள். வழக்கமாகப் போகும் பார்வதி விலாஸ் காபி கிளப்புக்குப் போனேன். போன மாசம் அது கைமாறியது. புது முதலாளி சுவரில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்: ரூபாய்க்கு ஓரணா சர்வீஸ் சார்ஜ். எனக்கு வந்ததே கோபம். இட்லி பண்ணுகிறவன் கூலி இட்லி விலையிலேயே இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு வர ஓரணாவா? நாளைக்குத் தபால்காரன் குனிந்து கடிதம் கொடுத்தால் குனிந்ததற்குத் தனியாக அரையணா கேட்பானா? நம் சமூக மடத்தில் எத்தனை வருஷமாக நான் வாளி தூக்கிப் பந்தி விளம்புகிறேன், யாராவது ஒரு சல்லி கொடுத்ததுண்டா, கொடுத்தால்தான் நான் வாங்குவேனா? இதையெல்லாம் முதலாளியிடம் உரக்கவே சொன்னேன். அந்த மனுஷர் கல்லாவை விட்டுத் தலை நிமிரவில்லை. "சாமிக்கு சர்வீஸ் வேண்டாம்னா சாமியே போய் எடுத்துக்கலாம். சார்ஜும் வேண்டாம்" என்றார். எடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டேன். நியாயம் பேசினவன் பின்வாங்கலாமோ, தாங்களே சொல்லுங்கள்.

அடுக்களை வாசலிலேயே சமையல்காரர் மறித்தார். "சட்டையோட உள்ளே வரப்படாது." கழற்றி ஆணியில் மாட்டினேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். இட்லி இரண்டை இலையில் வைத்து மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சாம்பாருக்குத் திரும்பி வந்தால், "கிண்ணம் தேடித் தர ஆளில்லை, வாளியோட கொண்டுபோய் விட்டுண்டு திருப்பிக் கொடுங்கோ" என்று வாளியையும் கரண்டியையும் நீட்டினார். எடுத்துக்கொண்டு என் மேஜைக்குத்தான் நடந்தேன், அத்திம்பேர், சத்தியமாக என் மேஜைக்குத்தான். வழியில் ஒருவர் இலையில் இட்லி வறண்டு கிடந்தது. "சேட்டா, இத்திரி சாம்பார்" என்று மலையாளத்தில் கொஞ்சம் கேட்டார். கையில் வாளி இருக்கிறது, எதிரே காலி இலை இருக்கிறது, என் கை கேட்குமா? விட்டேன். அடுத்த இலை. அதற்கு அடுத்தது. "சங்கோஜப்படாம வாங்கிக்கோங்கோ, இன்னும் ஒரு கரண்டி" என்று குனிந்து குனிந்து வரிசை முழுக்கப் போய்விட்டேன். சர்வர் பிச்சைமணி நான் செய்கிறதைப் பார்த்துக்கொண்டு தூணில் சாய்ந்து ஓய்வெடுக்கிறான். என் இட்லி தனியாக ஆறிக்கொண்டிருந்தது.

கடைசி மேஜையில் கடுக்கன் போட்ட ஒரு பெரியவர். இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஓய், மிளகுக் கம்பெனியிலே ஹெட் கிளார்க் வெங்கிடாசலம்னு இங்கே ஒருத்தர் உண்டோன்னோ? அவர் பொண்ணை என் பிள்ளைக்குப் பார்க்க வந்திருக்கேன். எர்ணாகுளத்திலே பிள்ளையை விட்டுட்டு, ரெண்டு வார்த்தை விசாரிக்கலாமேன்னு முன்னாலே படகேறி வந்தேன். ஆள் எப்படியாக்கும்?"

எனக்கு வாளி கனத்துவிட்டது. நான்தான் அவர் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா என்று விசாலம் கேட்கிறாள். வெறும் மேலோடு, முழங்கை வரை சாம்பாரோடு, சம்பந்தியிடம் எப்படியம்மா சொல்வது?

"தங்கமான மனுஷர்" என்றேன். அதில் பொய் ஏதுமில்லை.

"அது இருக்கட்டும். விளம்பறவாளுக்கு ஏதாவது கொடுப்பாரோ? ஒரு நாலணா கொடுக்கக் கை வராதவன் ஆத்துலே வளர்ந்த பொண்ணு, என் ஆத்துக்கு வந்து நாலு பேருக்கு மனசாரச் சோறு போடுவாளா? நான் எங்கே சம்பந்தம் பேசினாலும் முதல்லே ஹோட்டல்லேதான் கேக்கறது."

அத்திம்பேர், என் குழந்தையின் முகம் கண் முன்னால் வந்தது. "எட்டணா வைக்காம எழுந்திருக்கமாட்டார்" என்றேன். சொன்ன வேகத்தில் "தீபாவளிக்கு வேஷ்டியும் உண்டு" என்றும் சேர்த்துவிட்டேன். தூணருகே பிச்சைமணி கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. பெரியவருக்குப் பரம சந்தோஷம். என் உள்ளங்கையில் எட்டணா ஒன்றை வைத்து மூடினார். மறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான் வாங்கினேனே தவிர, அதை இனாம் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தபோது முகத்தை எப்படிக் காட்டுவது? பல்வலி என்று தாடையைச் சுற்றி ஈரிழைத் துண்டால் கட்டிக்கொண்டு கண் மட்டும் தெரிய உட்கார்ந்தேன். பேச்செல்லாம் விசாலத்தின் பொறுப்பு. ஐயர் வாய் ஓயாமல் என்னைப் புகழ்ந்தார். "உங்களைப் பத்தி ஹோட்டல்லே விசாரிச்சேன், விளம்பறவர் உருகிப் போயிட்டார்." சொஜ்ஜித் தட்டு காலியாயிருந்தபோது மட்டும் மனசு கேட்காமல் நானே எழுந்து போட்டேன், ஒரே ஒரு வார்த்தை உபசாரமும் சொல்லியிருப்பேன், யாரும் கவனிக்கவில்லை. புறப்படும்போது, கல்யாணத்தில் பந்தி விசாரிக்க ஹோட்டலில் விளம்பின அந்த ஆளையே அமர்த்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்குக் கல்பாத்திக்கு ரயிலேறுகிறார். ஆகவே தாங்கள் அவரைப் பார்த்து, அந்த ஆள் வேலையை விட்டு பம்பாய்க்குப் போய்விட்டதாக உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். மற்றபடி, சாப்பிடுகிறவன் விலைக்கு மேல் ஒரு தம்பிடி கொடுக்கத் தேவையில்லை என்ற என் கொள்கையில் ஓர் அணுவும் மாற்றமில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் எல்லோரும் தீர்க்காயுசாயிருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
வெங்கிடாசலம்

பின்குறிப்பு: திங்கள் காலை. இதைத் தபாலில் போடப் போனால் கிளப் வாசலில் லக்ஷ்மிநாராயண ஐயர் நிற்கிறார். துண்டு வீட்டில் கிடக்கிறது.

"பல்வலி தேவலையா?" என்றார். "நேத்து சொஜ்ஜி விளம்பினேளே, அந்தக் குனியறதும் 'சங்கோஜப்படாம'ங்கறதும் நேத்துக் காலம்பறயே ஹோட்டல்லே சாம்பாரோட வந்ததாக்கும். பொய் இருக்கட்டும், பொண்ணுக்காகச் சொன்னேள். தன் இட்லி ஆறினாலும் அடுத்தவா இலை காலியாயிருக்கப் பொறுக்காத ஆத்துலேர்ந்து பொண்ணு எடுக்க எனக்கு சந்தோஷந்தான். ஆனா ஒண்ணு. நீர் சொன்ன அந்த வெங்கிடாசலத்தை நான் ஒருதரம் கண்ணாலே பார்க்கணும்."

உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். காபி சாப்பிட்டோம். சர்வீஸ் சார்ஜோடு பில்லைக் கொடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மடியிலிருந்து எட்டணாவை எடுத்துப் பிச்சைமணியிடம் நீட்டினேன். "அது நான் கொடுத்த காசு. உம்ம காசு எங்கே?" என்றார். இன்னொரு எட்டணாவும் போயிற்று.

பிச்சைமணி இரண்டையும் முடிந்துகொண்டு, "தீபாவளிக்குக் கரை போட்டதா இருக்கட்டும், சாமி" என்றான்.

தை மாசத்தில் முகூர்த்தம். இதற்கு மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துவிடவும். நிச்சயதார்த்தத்துக்கு வரும்போது நல்ல கரை வேஷ்டியாக ஒன்று வாங்கி வரவும். எனக்கில்லை.