சும்மா ஜாலிக்கு ஆடுகிறவர்

ஜெயிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விளையாட வருகிறவரை நம்பலாம். தோற்றால் முறைப்பார், ஜெயித்தால் டீ வாங்கித் தருவார், அதோடு கதை முடிந்தது. ஆனால் ‘சும்மா ஜாலிக்குத்தானப்பா’ என்று சிரித்துக்கொண்டே மட்டையைக் கையில் எடுக்கிற ஓர் இனம் இருக்கிறது பாருங்கள், அதனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கேரம், சீட்டு, ஷட்டில் என்று எங்கே நாலு சிநேகிதர்கள் கூடினாலும் அந்த இனத்தில் ஒருவர் இருப்பார். கோல்ஃப் ஆடும்போதுதான் அவருடைய முழு சொரூபமும் தெரியும்.

மதுரையில் கோல்ஃபா என்கிறீர்களா? ஏன், ஆடக்கூடாதா? எங்கள் கருத்தக்கண்ணன் சமயநல்லூர் தாண்டி ஐந்து ஏக்கரில் பிளாட் போட்டான். ஆர்ச் வைத்தான், கல் நட்டான், நகருக்கு மகள் பெயரைச் சூட்டினான். வாங்கத்தான் ஆள் வரவில்லை. மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு ஒரு பை நிறைய மட்டைகளோடு ஊர் திரும்பிய பாண்டியராஜன் அந்தப் பொட்டலைப் பார்த்து, “இது போதும்டா” என்றான். பிவிசி பைப்பை வெட்டிப் புதைத்து ஒன்பது குழி, குழிக்கு ஒரு மூங்கில் குச்சி, குச்சி நுனியில் துளசிராமின் ஜவுளிக்கடையிலிருந்து வந்த ஜாக்கெட் துணி. புல் என்று பார்த்தால் ஆடு மேய்ந்தது போக மிச்சம். கல்லூரியிலிருந்து ஒன்றாகத் திரியும் ஐந்து பேர் நாங்கள், ஏழு வருஷமாக அங்கே ஆடுகிறோம். யார் குறைந்த அடியில் ஒன்பது குழியிலும் பந்தைப் போடுகிறாரோ அவருக்குத் தை மாதத்தில் ஒரு கப்.

ஐந்தாவது ஆள்தான் வெள்ளைத்துரை. கோச்சடையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். நான் சொன்ன இனத்துக்கு அசல் மாதிரி வேண்டுமென்றால் அவனைக் கொண்டுபோய்க் காட்டலாம்.

வியாழக்கிழமையே வாட்ஸப்பில் செய்தி வந்துவிடும்: ‘ஞாயிறு காலை ஆறு மணி. சும்மா ஜாலிக்கு. யாரும் டென்ஷன் ஆகாதீங்க.’ டென்ஷன் என்ற ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமை விதிமுறைகள் வரும். சனிக்கிழமை விதிமுறைகளுக்குத் திருத்தம் வரும். ஞாயிறு நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்ச் சேரும்போது அவன் இரண்டு ரவுண்டு ஆடி முடித்து, முகம் கழுவி, இப்போதுதான் வந்தவன் மாதிரி கல்லில் உட்கார்ந்திருப்பான். ஒரு கைக்கு மட்டும் உறை, அடியில் முள் வைத்த ஷூ, தொப்பி. “மக வாங்கிக் குடுத்துச்சுப்பா, போடாட்டிக் கோவிக்கும்” என்பான். மகளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

எதிராளி மட்டையை ஓங்கும்போதுதான் அவனுக்கு அக்கறை பொத்துக்கொண்டு வரும். “மாப்ள, சுகர் இப்ப எம்புட்டு இருக்கு?” என்று கேட்பான். கேட்கிற நேரமா அது? ஓங்கிய மட்டை எங்கே இறங்கும்? பந்து கருவேல முள்ளுக்குள் போனதும் அவனே முதல் ஆளாக ஓடித் தேடுவான், அன்பாக வருத்தப்படுவான், “விடு மாப்ள, சும்மா ஜாலிக்குத்தான” என்று தட்டிக்கொடுப்பான். அவனுடைய பந்து முள்ளுக்குள் போனாலோ காற்று, வெயில், இடுப்பு, ஆடு, கடைசியில் கருத்தக்கண்ணன் கல் நட்ட கோணம் என்று காரணங்கள் வரிசை கட்டி நிற்கும்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குழிக்கு ஒரு துண்டு நீளத்துக்குள் பந்து வந்துவிட்டால், இனி அதை அடித்து நேரத்தை வீணாக்குவானேன் என்று எதிராளி பெருந்தன்மையாக “எடுத்துக்க” என்பார். கையால் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஓர் அடியில் குழியில் விழுந்ததாகக் கணக்கு. அடுத்தவன் பந்தை அளக்க வெள்ளைத்துரை கொண்டுவருவது முகம் துடைக்கிற துண்டு. அவன் பந்தை அளக்க வருவது குளிக்கிற துண்டு. எதிராளி சொல்லாமல் பந்தில் கை பட்டால் இரண்டு அடி தண்டம் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்ததும் அவனேதான், போன வருஷம் கருத்தக்கண்ணன் பந்தில் ஒட்டிய ஆட்டுப் புழுக்கையைத் துடைத்த அன்றைக்கு.

இத்தனை இருந்தும் ஏழு வருஷமும் அவனுக்கு இரண்டாமிடம்தான். இந்த வருஷம் அது தாங்காது. புது வீட்டு ஹாலில் கண்ணாடி ஷோகேஸ் செய்து, உள்ளே பல்பும் போட்டு வைத்திருந்தான். பத்தாததற்கு, தேனியில் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில், “கோல்ஃபுல நாந்தான் சாம்பியன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். சம்பந்தி அடுத்த ஞாயிறு விருந்துக்கு வருகிறார். “அவுக வந்து வெறும் பல்பையா பாக்குறது?” என்று அவன் மனைவி ஒச்சம்மாள் வேறு தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை மாத ஆட்டம் வந்தது. அன்றைக்கு வெள்ளைத்துரை நிஜமாகவே நன்றாக ஆடினான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். துண்டு வரவில்லை, சுகர் விசாரிப்பு வரவில்லை. கடைசிக் குழியில் துளசிராம் பந்தைப் போட்டு முடித்துவிட்டு, பின்னால் ஒரு மனைக் கல்லில் போய் உட்கார்ந்தான். வெள்ளைத்துரையின் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அதைத் தட்டிவிட்டால் ஓர் அடி வித்தியாசத்தில் கப் அவனுக்கு. குனிந்து நின்றான். ஏழு வருஷம் அந்த ஒரு சாணில் நின்றது.

அப்போது பின்னாலிருந்து துளசிராமின் குரல் வந்தது. “எடுத்துக்க மாப்ள.”

வெள்ளைத்துரை ஒரு பெருமூச்சு விட்டுப் பந்தைக் கையில் எடுத்தான். திரும்பிப் பார்த்தான். துளசிராம் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவி ஹம்சவேணி சுட்டுக் கொடுத்த குழிப்பணியாரம்.

வெள்ளைத்துரை பந்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நீ எடுத்துக்கன்னு சொன்னயா இல்லையா?” என்றான் வெள்ளைத்துரை.

“சொன்னேன். பணியாரத்தைச் சொன்னேன்.”

“பந்துகிட்ட நிக்கிறவன்ட்டப் பணியாரத்தச் சொல்லுவியா?”

“சூடா இருந்துச்சு மாப்ள, அதான்.”

இரண்டு அடி தண்டம். ஓர் அடி வித்தியாசத்தில் கப் துளசிராமுக்கு. ஆளாளுக்குப் பேசினோம். பாண்டியராஜன் மலேசியாவில் இப்படி நடந்ததே இல்லை என்றான். கருத்தக்கண்ணனோ புழுக்கையைத் துடைத்த நாளை மறக்காதவன், “ரூல் ரூல்தான்” என்றான். கடைசியில் துளசிராமுக்கே மனசு கேட்கவில்லை. “விடுப்பா, சும்மா ஜாலிக்கு ஆடுறோம். சம்பந்தி வேற வாராரு. கப்பை நீயே கொண்டு போ” என்று எடுத்து நீட்டினான்.

வெள்ளைத்துரை கையை நீட்டவில்லை. “நீ குடுத்து வாங்குறதுக்கா ஏழு வருசம் ஆடுனேன்?” என்றான். துண்டை நீட்டி அளந்தவன், சுகரைக் கேட்டுக் கெடுத்தவன், ஆனால் சும்மா கிடைத்த கப்பைத் தொட மாட்டேன் என்கிறான். எனக்கு அவன்மேல் அன்றைக்கு வந்த பிரியம் இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி வந்தார். நானும் விருந்துக்குப் போயிருந்தேன். ஷோகேஸில் ஒச்சம்மாள் ஒரு பிள்ளையாரை வைத்திருந்தாள், பல்பு எரிந்தது. கப் எங்கே என்று சம்பந்தி கேட்டார். வெள்ளைத்துரை எதையும் மறைக்கவில்லை. எப்போதும் தனக்கு இரண்டாமிடம்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டான். பிறகு இலையில் அப்பளத்தைக் குழியாகவும் ஊறுகாய் எலுமிச்சையைப் பந்தாகவும் வைத்து நடந்ததை நடத்திக் காட்டினான். அவர் கோல்ஃப் மட்டையைப் படத்தில்கூடப் பார்த்திராத மனுஷர், ஏலக்காய் வியாபாரி. சோற்றைப் பிசைந்தபடி கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, “தப்பா நெனைக்காதீக சம்பந்தி, திரும்பிப் பாத்துட்டுல்ல எடுத்திருக்கணும்” என்றார். வெள்ளைத்துரை அப்பளத்தை நகர்த்தி வைத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். அவரும் விடவில்லை. பாயசம் ஆறியது, குரல் ஏறியது, ஒச்சம்மாள் மகளின் கல்யாணத்தை நினைத்துக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். என்னை இருவரும் நடுவராகக் கூப்பிட்டார்கள். கை கழுவப் போகிறேன் என்று எழுந்து தப்பித்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். துளசிராம் தெரிந்தேதான் அந்த நேரத்தில் டப்பாவைத் திறந்தான் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? இல்லை, கை பட்டது பட்டதுதான், தண்டம் சரிதான் என்று நினைக்கிறீர்களா? எந்தப் பக்கம் என்பது எனக்கு வேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஐந்து பேர், விலை போகாத பொட்டலில் ஆடிய ஆட்டத்துக்கு, இந்த வரி வருவதற்குள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.