நாற்பது நாள் மணி

மணி மகான் வந்து இறங்கிய அன்று பால் நிலையத்தின் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. மகான் விற்றது வெண்கல மணி. மாட்டின் கழுத்தில் கட்டினால் நாற்பதே நாளில் வீட்டில் வரவு பெருகுமாம். சின்ன மணிக்கு ஒரு விலை, பெரிய மணிக்கு மயக்கம் வருகிற விலை. கூடவே விரதம். விரதம் மனிதருக்கு அல்ல, மாட்டுக்கு! நாற்பது நாளும் அது தொழுவத்தில் அடைந்து கிடக்கக் கூடாது, கடைத் தீவனத்தைத் தொடக் கூடாது, மேட்டுப் புல்லை மட்டுமே மேய வேண்டும்.

மணி கட்டியவர்கள் கையில் உண்மையாகவே காசு நின்றது. அப்புறம் கேட்க வேண்டுமா? மகானின் காலைத் தொட வரிசை, வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை.

நிலையத்தில் பால் அளக்கும் பெண்ணுக்கு மட்டும் ஒன்று இடித்தது. மணி கட்டிய வீடுகளிலிருந்து வரும் பால் முன்பைவிடக் குறைவு. பால் குறையக் குறையக் காசு கூடுமா?

அன்று அவளுடைய அண்ணி முகமெல்லாம் பல்லாக வந்தாள். "கிடாரியை விலை பேசியாச்சு. அந்தக் காசுல பெரிய மணி வாங்கப் போறேன்."

நாலு கறவை மாடு, ஒரு கிடாரி. அண்ணியின் சொத்து அவ்வளவுதான். அடுத்த வருஷம் கறக்க வேண்டிய கிடாரி அது.

"அண்ணி, மாசம் எத்தனை மூட்டைத் தீவனம் வாங்குறீங்க?"

"அதை யாரு எண்ணினா? கேன் நிறையுதான்னுதானே பார்ப்போம்."

அங்கே எல்லார் வியாதியும் அதுதான். கறந்த லிட்டரைச் சொல்லி மார்தட்டுவார்கள். மாடு தின்ற மூட்டை எத்தனை என்று யாரும் கேட்டதில்லை.

பால் அளப்பவள் நேராக மகானிடம் போனாள். "பத்து நாள் போதும் சாமி. எங்க அண்ணி மாட்டுல ரெண்டுக்கு உங்க பெரிய மணியைக் கட்டுங்க. அதுங்க தொழுவத்துலயே நிக்கட்டும், மூட்டைத் தீவனத்தையே தின்னட்டும். மத்த ரெண்டும் மணி இல்லாம மேயட்டும்."

"மகானைச் சோதிக்கிறியேடி, பாவம் சுத்தும்," என்று அண்ணி பதறினாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மகானால் மறுக்க முடியவில்லை.

பதினோராம் நாள் எல்லார் முன்னாலும் கணக்குப் பார்த்தார்கள். மணி கட்டிய மாடுகள் நிறையக் கறந்திருந்தன. ஆனால் தீவன மூட்டைக்கே பால் காசில் பெரும்பகுதி போய்விட்டது. மேய்ந்த மாடுகள் குறைவாகத்தான் கறந்தன. புல்லுக்கு யார் விலை கேட்டார்கள்? அவற்றின் காசு அப்படியே நின்றது.

"விரதம் கெட்டதால மணி கோவிச்சுக்கிச்சு," என்றார் மகான்.

"மணியே கட்டாத மாட்டுக்கு வரவு கொடுத்தது யாரு சாமி?"

மகான் தாடியைத் தடவினார். கூட்டத்தில் நின்ற தீவனக் கடைக்காரர் அந்தத் தாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, மூணு வருஷம் முன்னாடி என் கடைக்கு மூட்டை போட்ட ஏஜெண்டு நீதானே? மாட்டைத் தொழுவத்துல அடைச்சு மூட்டையைப் போட்டாத்தான் லாபம்னு வீடு வீடாச் சொன்னியே."

மகானுக்குத் திடீரென்று வேறு ஊரில் வேலை வந்துவிட்டது.

அண்ணி மாட்டு வியாபாரியைத் திருப்பி அனுப்பினாள். கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு நாலு மாட்டையும் அதையும் மேட்டுக்கு ஓட்டினாள்.

புல் இல்லாத இடத்தில் மூட்டைதான் கதி, அது வேறு கணக்கு. இங்கே மேடு முழுக்கப் புல் முளைத்துக் கிடந்தது. அதைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு ஒரு வெண்கல மணி தேவைப்பட்டது. மாடுகூடப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கிறது. யார் எதை நீட்டினாலும் முகராமல் விழுங்குகிறவன் மனிதன் ஒருவன்தான்.