மாவு பொங்கவில்லை என்றால் மெஷின் ஓடவில்லை

வடகரப்பதி,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள பிரகாசுக்கு,

இன்று காலை எழுந்ததும், பல் விளக்குவதற்கும் முன்னால், நீ இங்கே விட்டுப்போன கம்ப்யூட்டர் மெஷினின் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். மிதமான சூடுதான். ஆகவே அது சௌக்கியம். நானும் உன் அப்பாவும் சௌக்கியம். பக்கத்து வீட்டில் உன் மருதாத்தாள் அத்தைக்கு மூட்டுவலி, மற்றபடி அவரும் சௌக்கியம். பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை மெஷினிலேயே தட்டச்சு செய்து அனுப்பத்தான் நினைத்தேன். அது வேலையாக இருக்கிறது, தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ மூன்றாவது "ம்" முடிவதற்குள் வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனா.

"இன்னொருக்கா கிராஷ் ஆச்சுன்னா சனிக்கிழம வந்து தூக்கிட்டுப் போயிருவேம்மா" என்று சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகாதே. அது நின்ற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காரணம் உண்டு, பெரும்பாலானவற்றில் மெஷினின் குற்றம் எதுவும் இல்லை. முதலில் நின்றது அமாவாசை அன்று. நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், திரை கறுத்துக் கிடக்கிறது. ஒயரை ஆட்டிப் பார்த்தேன், மூடியைக் கழற்றி உள்ளே காற்றாடி சுற்றுகிறதா என்று பார்த்தேன், நீ சொல்லிக் கொடுத்தபடி மெமரித் தகடுகளைப் பிடுங்கி, உன் பழைய ஸ்கூல் டப்பாவில் இருந்த ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரால் அவற்றின் பல்லைத் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். அப்போதும் உயிர் வரவில்லை. உன் அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே நெடுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "அத எதுக்குப் போட்டு நோண்டற புள்ள, நாந்தான் பிளக்கப் புடுங்கி உட்டேன்" என்றார். ஏனுங்க இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டால், "அமாவாசைக்கு எருதக்கூட ஏர்ல பூட்ட மாட்டோம். அது ராவும் பகலும் ஓடுது. ஒரு நாளைக்கு நின்னா என்ன, குடியா முழுகிப் போகும்" என்கிறார். நம் வீட்டில் எருதை விற்று எத்தனையோ வருடம் ஆயிற்று. டிராக்டருக்கு அமாவாசை பார்க்காத மனுசன் உன் கம்ப்யூட்டருக்குப் பார்க்கிறார். அது பாசம். அதைக் கிராஷ் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்து தோப்பு மோட்டார். அவர் மோட்டாரைப் போட்டால் வீட்டில் விளக்கு ஒரு நொடி கண் சிமிட்டும், அந்த நொடியில் உன் மெஷின் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். மோட்டார் போடுவதற்கு முன்னால் ஒரு குரல் கொடுங்க, நான் இதை நிறுத்திக்கிறேன் என்று சொன்னேன். "தென்னைக்குத் தண்ணி உடறதுக்கு உன்ர கம்ப்யூட்டர்கிட்ட பர்மிசன் வாங்கோணுமா" என்று கேட்டார். ஆனாலும் மறுநாள் தோப்பிலிருந்து போன் வந்தது. "போடட்டுமா?" அவ்வளவுதான், வைத்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உன் அப்பா என்னிடம் முன்கூட்டிக் கேட்டுச் செய்த முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் மோட்டாரால் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இனி மாவு விஷயம். அத்தை உனக்குத் தன் கட்சியைச் சொல்லியிருப்பார், என் கட்சியையும் கேள். இந்த வருடம் ஆடிக்காற்று எலும்புக்குள் போகிறது, ஆட்டி வைத்த தோசைமாவு மறுநாள் மத்தியானம்வரை பொங்காமல் கல்லாட்டம் கிடந்தது. உன் மெஷினின் பின்பக்கத்திலிருந்துதான் ராத்திரி பகல் அனல் வருகிறதே, வீணாகப் போவானேன் என்று மாவுப் பாத்திரத்தை, அந்தப் பெரிய போசியை, அங்கே வைத்தேன். விடியும்போது மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்று அத்தை வந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, "என்ன அம்மிணி, மாவு பஞ்சாட்டம் இருக்குது" என்றார். நான் ரகசியத்தைச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் அத்தையின் போசி வந்தது. அதற்கடுத்து நாச்சம்மாள் வீட்டுத் தூக்குப் போசி. பிறகு அங்கன்வாடி டீச்சர் ஜிஸ்மி அப்பமாவோடு வந்துவிட்டாள். சாயங்காலம் ஆனால் எல்லோரும் உன் அறை வாசலில் நின்று, மெஷினை உடம்பு சரியில்லாத ஒறம்பரைச் சொந்தம் மாதிரி விசாரிக்கிறார்கள். "சேச்சி, கம்ப்யூட்டர் ஓடுன்னுண்டோ?" என்று ஜிஸ்மி கேட்ட பிறகுதான் போசியைக் கீழே வைப்பாள். இது சூடு தருவதற்காக ஓடவில்லை, ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி உலகத்தில் பல வீட்டு மெஷின்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள், நம் பங்குக்கு வரும் துண்டை நாம் போட்டு அனுப்புகிறோம், நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி என்று அத்தைக்கு விளக்கினேன். அவர் மெஷினைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "மூட்டுவலித் துண்டு வந்துச்சுன்னா அத மொதல்ல போடச் சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் தினமும் நிற்க ஆரம்பித்தது. நான் உனக்குப் போன் செய்தேன், நீ ஆபீசில் இருந்துகொண்டு, "கிளாக்கக் கொஞ்சம் கொறச்சுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நீ சொல்லவில்லை. திரையின் கீழ் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பத்து நிமிடம் குறைத்தேன். நின்றது. ஒரு மணி குறைத்தேன். நின்றது. ஒரு நாள், ஒரு வாரம் என்று பின்னால் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் சித்திரை மாதத்தில் கொண்டுபோய் விட்டேன். பிரகாசு, அதிலிருந்து அது நிற்கவே இல்லை. கோவில் மாதிரி அமைதி. காற்றாடிச் சத்தம்கூட இல்லை. உன் அப்பாவிடம் நான்தான் சரி பண்ணினேன் என்று பெருமையாகச் சொன்னேன், அவரும் வேலந்தாவளம் சந்தையில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் அத்தை போசியோடு வந்து நின்றார். "அம்மிணி, உன்ர மிசினு வேல செய்யல. சும்மா உக்காந்திருக்குது." நன்றாக ஓடுதுங்க நங்கை, இத்தனை நாளாக நிற்கவே இல்லை என்று அத்தையிடம் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து காட்டினார். "ஓடுச்சுன்னா இது ஏன் பச்சத்தண்ணியாட்டம் கெடக்குது?"

உட்கார்ந்து பார்த்தேன். சித்திரையில் இருக்கும் மெஷினோடு ஆடியில் இருக்கும் உலகம் பேச மறுத்திருக்கிறது. கணக்குத் துண்டு வரவே இல்லை. வேலை இல்லாததால் சூடு இல்லை, சூடு இல்லாததால் கிராஷ் இல்லை, மாவும் இல்லை. நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். அதிர்வெண் பாடத்தை வகுப்பிலேயே எழுந்து நின்று விளக்கியவள். நீ சொன்ன கிளாக் சுவரில் மாட்டுகிற கிளாக் இல்லை, மெஷினின் நாடித்துடிப்பு என்று மண்டையில் ஏறியபோது எனக்கு வந்த வெட்கத்தை உனக்கு எழுத வேண்டியதில்லை. நீயும் சிரிக்க வேண்டியதில்லை.

மெஷினைத் திரும்ப ஆடி மாதத்துக்குக் கொண்டுவந்த அன்றே ஜிஸ்மியின் அப்பமாவு பொங்கி வழிந்து, மேசைக்காலோடு இறங்கி, பிளக் பெட்டிக்குள் போய், வீட்டுக்கே கரண்ட் போயிற்று. ஈஸ்ட் போட்ட மாவுக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. துடைக்கும்போதுதான் கவனித்தேன், போசிகள் எல்லாம் அனல் வெளியே வரும் வாயை அடைத்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அவற்றை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னேன். நாச்சம்மாள் மட்டும், "எட்டி நின்னா குளிர் காயறதுக்காகுமா" என்று முனகினாள். தள்ளி வைத்தும் ஒருமுறை நின்றது. அப்போதுதான் மெஷினுக்கு அதன் சொந்த வேகத்தையே கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. கம்பெனிக்காரன் மூன்றரை கிகாஹெர்ட்ஸ் என்று எழுதிக் கொடுத்ததை நீ நாலரைக்கு விரட்டிக்கொண்டிருந்தாய். வேகத்தை மாற்றும் பக்கம் வர, மெஷின் எழும்போது டெலீட் பட்டனை விடாமல் அமுக்க வேண்டும் என்று நீ முன்பு சொன்னாயே, எல்லாம் அழிந்து போகுமோ என்று பயந்துகொண்டே அமுக்கினேன். ஒன்றும் அழியவில்லை. நீ மாற்றி வைத்த எண்ணைப் பழையபடி ஆக்கினேன். அன்றிலிருந்து நிற்கவில்லை, வேலையும் செய்கிறது. அத்தைக்கு மட்டும், மாவு விடிகாலையில் பொங்காமல் காலைப் பலகாரம் முடிந்த பிறகு பொங்குவதால், "மிசினு சோம்பேறியாப் போச்சு" என்று குறை.

இன்னொன்றையும் பார்த்தேன். நாம் அனுப்பிய விடைகள் சரியா தப்பா என்று அவர்கள் காட்டுகிற பக்கத்தை நீ எப்போதாவது திறந்திருக்கிறாயா? நீ உன் நண்பர்கள் அணிக்கு எத்தனை புள்ளி, அதில் நமக்கு எத்தனையாவது இடம் என்று மட்டும் பார்ப்பாய். நாலரை வேகத்தில் ஓடிய நாளில் பாதி விடை தப்பு என்று திரும்பியிருக்கிறது, அதுவும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிய நாளில். நின்றால் ஏதோ கோளாறு என்று எல்லோருக்கும் தெரிகிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பான விடையைச் சொன்னால் யாருக்குத் தெரியும். இதை யோசித்துக்கொண்டு பருப்பைத் தீய விட்டேன். எத்தனை விஷயத்துக்கு நான் "சரிங்க" என்று சொல்லியிருக்கிறேன், எதுவும் நிற்கவில்லை, வீடும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, அது இருக்கட்டும்.

உன் ஞாபகத்துக்காக மெஷினைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கு உன் சைக்கிளும் உடைந்த கிரிக்கெட் மட்டையும் போதும். திரையில், மருந்துக்காக நாம் கணக்குப் போடுகிற அந்தப் புரதம் நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே மடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. நான் வேகத்தைக் குறைத்த பிறகு போன முதல் துண்டு சரி என்று வந்தபோது, தேர்வு முடிவு பார்த்த மாதிரி இரண்டு தடவை படித்தேன். உன் நண்பர்கள் அணியில் நம் இடம் கீழே இறங்கும், அதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எடுத்துக்கொண்டு மட்டும் போகாதே. மேசையைத் துடைத்து, ஒயரைக் கட்டி, குறை வராமல் பார்த்துக்கொள்கிறேன். வேலை இருந்தால் சனிக்கிழமை அலைய வேண்டாம்.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அத்தை உனக்கு ஆசீர்வாதமும் எள்ளுருண்டையும் வைத்திருக்கிறார், ஆசீர்வாதத்தை மட்டும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. உடம்பும் மனசும் திடமாக இருந்து, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
செல்வநாயகி.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கெஞ்சியிருக்கிறேன். அதையெல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். சனிக்கிழமை தாராளமாக வா, கோழிக்குழம்பு வைக்கிறேன், வெறுங்கையோடு திரும்பிப் போவாய். மெஷினைத் தருவதாக இல்லை. நாளைக்கு உன் அணியிலிருந்து அதைக் கழற்றி, இனிமேல் போகிற கணக்கை எல்லாம் வேறு பெயரில் பதிவு செய்யப் போகிறேன். உன் அப்பாவுக்குத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. பெயர் கேட்கிற கட்டத்தில் முதலில் பழக்கதோஷத்தில் "பிரகாஷ் அம்மா" என்று அடித்தேன். அழித்துவிட்டு, செல்வநாயகி என்று அடித்து வைத்திருக்கிறேன். காலையில் பட்டனை அமுக்குவதுதான் பாக்கி.