லண்டன் சாருக்கு வந்த வாழ்வு

அமெரிக்கா முழுக்கத் தேடினாலும், ஒரு ரன்கூட எடுக்காமல் கிரிக்கெட்டில் புகழ் பெற்றவர் எங்கள் லண்டன் சார் ஒருவர்தான் கிடைப்பார். சொந்த ஊர் ஈரோடு. லண்டனைப் பார்த்ததே இல்லை. டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் எங்கள் சனிக்கிழமை டீமுக்கு நான் கேப்டன், அவர் பன்னிரண்டாவது ஆள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், யாருக்கும் அது ஞாபகம் இருப்பதில்லை. வெயிலில் வெந்து அறுபத்தெட்டு ரன் அடித்துவிட்டு வருவேன். மரத்தடியில் மொத்தக் கூட்டமும், என் மனைவி உட்பட, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அவருக்குத் தெரிந்தது ஒரே கதை, லண்டனில் ஒரு பழைய கிரிக்கெட் மைதானம் உருவான வரலாறு.

“அப்புறம் என்னாச்சுண்ணா?” என்பாள் என் மனைவி.

“வாடகைய ஏத்திட்டாங்கம்மா. கிரவுண்டுக்காரரு அசருவாரா? புல்லப் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுபோய் வேற எடத்துல போட்டாரு. அங்கயும் கால்வாய் வெட்ட வந்தாங்க. மறுபடியும் சுருட்டுனாரு. மூணாவது எடத்துலதான் இன்னிக்கும் மேட்ச் நடக்குது.”

இருநூறு வருடத்துக்கு முந்திய புல்லுக்கு இருந்த மரியாதை என் அறுபத்தெட்டுக்கு இல்லை.

ஒருநாள், நாங்கள் ஆடிய இடத்தில் பார்க்கிங் லாட் வரப்போகிறது என்று நோட்டீஸ் வந்தது. நான் பதினோரு ஈமெயில் அனுப்பினேன், பதில் இல்லை. லண்டன் சார் நேரே போய், தார் போடுவதற்குள் பிட்ச் புல்லை எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். ஊருக்கு வெளியே ஒரு காலி நிலத்தையும் பிடித்துவிட்டார்.

புல்லை வெட்டிச் சுருட்டி மினிவேன்களில் ஏற்றினோம். என் புது வேனைத் தள்ளி ஒளித்து நிறுத்தியிருந்தேன்.

“எங்க வேன்ல நிறைய இடம் இருக்குண்ணா,” என்றாள் மனைவி. குழந்தையின் கார் சீட்டில் ஒரு சுருளை வைத்து பெல்ட்டும் போட்டாள்.

புது மைதானத்தில் முதல் பந்தை ஆடவேண்டியது கேப்டன்தானே? “லண்டன் சார்!” என்று டீமே கத்தியது. சிரித்துக்கொண்டே பேட்டை நீட்டினேன். டக் அவுட் ஆகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பலித்தது. முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. அவரோ திரும்பிக்கூடப் பார்க்காமல், குனிந்து பந்து குத்திய இடத்தைத் தடவினார்.

“கேப்டன், வேர் புடிச்சிருச்சுங்க!”

என் அரைச் சதங்களுக்கு எழாத கைதட்டல் அந்த டக்குக்கு எழுந்தது.

இந்த வருடம் வேலை மாறி சான் ஹோசே போய்விட்டார். தொல்லை விட்டது என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு பிட்ச் ஓரம் பழுப்படிக்கத் தொடங்கியது. இப்போது தினமும் ஆபீஸ் போகுமுன் இருபது மைல் சுற்றிப்போய் தண்ணீர் விடுகிறேன்.

இன்று காலை, நான் ஹோஸ் பைப்பும் கையுமாக நிற்கும்போது அவரே போன் செய்தார்.

“புல்லு எப்படிங்க இருக்குது கேப்டன்?”

“காஞ்சு போச்சு சார். நீங்க நேர்ல வந்து பார்த்தாதான் தேறும்,” என்று அந்தப் பச்சைப் புல்லில் நின்றபடியே பொய் சொன்னேன்.