ரேகை இல்லாத பவர் மதினி

பத்திரிகைக்கு எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டுப் படியுங்கள். எழுதாமல் விட்டால் பவர் மதினி மேல் இருக்கும் எரிச்சல் எனக்குள்ளேயே கிடந்து புளித்துப்போகும்.

கூக்காலிலிருந்து வெள்ளகவி வரைக்கும் இந்தக் கொடைக்கானல் மலை முழுக்கத் தேடினாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுசியை இவரளவுக்குப் பாடாய்ப் படுத்துகிற ஆள் கிடைக்கமாட்டார்.

வில்பட்டியில் ஒரே கொட்டகையில் பூண்டைப் பல் பல்லாக உடைப்பது எங்கள் வேலை. நான் விரித்து உட்காரும் சாக்குக்கு அடுத்தது அவர் சாக்கு. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்துவிட்டார், மகன் திருப்பூரில். வீட்டில் துணைக்கு இருப்பது டிவி. அதில் தினமும் சாயங்காலம் டப்பிங் தொடர் ஒன்று. நிலா என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பதினாறு வயதானதும் அவளுக்கு ஒவ்வொரு சக்தியாக முளைக்கிறது. முறைத்தால் கதவு திறக்கிறது, கையை நீட்டினால் கார் நிற்கிறது. இதற்கிடையில் எவளோ ஒருத்தி நிலாவின் முகத்தைத் திருடி மாட்டிக்கொண்டு, அவள் வீட்டிலேயே போய் உட்கார்ந்து, அவள் அம்மா கையால் சாப்பிடுகிறாள். உண்மையான நிலா ஜன்னலுக்கு வெளியே நின்று அழுகிறாள்.

இதில் ஒரு காட்சியைக்கூட நான் டிவியில் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் வரவில்லை. மறுநாள் காலையில் கொட்டகையில் மதினி எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிடுவார், நடுவில் வரும் சோப்பு விளம்பரம் உட்பட.

"பெத்த தாயிக்குத் தெரியலையே புள்ள! எதுக்க உக்காந்து ஒருத்தி முழுங்குறா, இவ சோத்தப் போட்டுக்கிட்டே இருக்கா!"

"பூண்ட உடைங்க மதினி."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லடி, ஊமச்சி."

கதையோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தனக்கும் பவர் வந்துகொண்டிருக்கிறது என்று ஒருநாள் சொன்னார்.

"மதினி, அந்தப் புள்ளைக்குப் பதினாறு வயசு."

"அவ பட்டணத்துக்காரி. நம்ம மலையில குளுருக்கு எது வெரசா வெளைஞ்சிருக்கு? எல்லாமே லேட்டாத்தான் வெளையும்."

அன்று முதல் மினி பஸ் வந்தால் உள்ளங்கையை விரித்து நீட்டுவார். பஸ் நிற்கும். "பாத்தியா?" என்பார். அது பஸ் ஸ்டாப்பு என்று சொன்னேன். அடுத்த நாள், ஸ்டாப்பே இல்லாத வளைவில் போய் நின்று கையை நீட்டினார். டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் உள்ளே இருந்த கேரட் மூட்டையெல்லாம் முன்னால் வந்துவிட்டது.

"ஏத்தா, சாகணும்னா வேற வண்டி பாரு!" என்று கத்தினார் டிரைவர்.

மதினி என் காதில், "பிரேக்கு போட்டது நான். அவரு, தான் போட்டதா நெனைக்காரு" என்றார்.

இன்னொரு நாள் கொட்டகை வாசலில் காட்டுமாடு ஒன்று வந்து நின்றது. லாரிக்குக் கொம்பு முளைத்த மாதிரி உடம்பு. நாங்கள் எல்லோரும் மூட்டை மேல் ஏறிக்கொண்டோம். மதினி மட்டும் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனார். "ஏலே, போ அங்கிட்டு! எங்களுக்குச் சோலி கெடக்கு!" மாடு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது. அதே நேரம் முதலாளியின் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது, அவரைத் தவிர. அன்று முழுக்கத் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் பங்குப் பூண்டையும் நான்தான் உடைத்தேன்.

விதைப்பூண்டு உடைக்கிற காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பூண்டின் சாறு பட்டுப் பட்டுக் விரல் தோல் உரிந்து ரேகை போய்விடும். அதனால் கைரேகை வைக்கிற சோலியை எல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடுவோம். வீட்டில் ஒருவர் கையையாவது பூண்டு தொடாமல் மிச்சம் வைப்போம். ரேஷன் அட்டைக்கு ரேகை பதியச் சொன்னபோது ஊரே வெள்ளனே போய்ப் பதிந்தது. மதினி போகவில்லை. நிலாவின் மறுஒளிபரப்பு அன்றைக்கு.

கடைசியில் பூண்டு உடைத்த கையோடு போனார். மெஷின் பத்து விரலையும் தள்ளிவிட்டது.

"ரேகையே இல்லையேம்மா, வழவழன்னு இருக்கு" என்றார் கடைக்காரர்.

வேறு ஒருத்தியாக இருந்தால் பதறியிருப்பாள். மதினி பத்து விரலையும் வரிசையில் நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். "நிலாவுக்கும் மொதல்ல இப்பிடித்தான் போச்சு!"

"மாசக் கடைசிக்குள்ள பதியலேன்னா பேர எடுத்துருவாங்கம்மா. ஒத்த ஆளு கார்டு. கார்டே போயிரும்."

தூக்கிய விரல்கள் மெல்ல இறங்கின. கணவர் போன பிறகு, ஆபீஸ் ஆபீஸாக நடந்து தன் பேரில் வாங்கிய அட்டை அது. குடும்பத் தலைவர் என்று போட்டு மதினியின் படமே இருக்கும். சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார்.

மறுநாள் கொட்டகையில் கதை இல்லை. எனக்குக் கை ஓடவில்லை.

"எவளோ எடுத்துக்கிட்டா புள்ள, என் ரேகைய."

"பூண்டு எடுத்துக்கிச்சு மதினி."

"இல்ல. எங்கிட்டோ ஒருத்தி நானா இருந்துக்கிட்டு அரிசி வாங்குறா. நான் வெளிய நிக்கேன்."

ரேகை விழாதவர்களுக்காகக் கொடைக்கானலில் கண்ணைப் படம் எடுத்துப் பதிகிற முகாம் போட்டார்கள். கூடப் போக யாரும் முன்வரவில்லை. நான் மாட்டினேன். அங்கே எங்கள் முறை வந்ததும் மதினி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்கம்மா" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

"என் கண்ணுல என்ன பவரு இருக்குன்னு எனக்கே தெரியாது. மிசினு வெடிச்சா நான் பொறுப்பில்ல."

"ஏ ஆத்தா, வெரசா!" என்று வரிசை கத்தியது.

அந்தப் பெண் பொறுமை இழந்து, "கார்டு உங்களோடதுதானம்மா?" என்றாள்.

"கார்டு என்னுதுதான். நான்தான் நானான்னு சந்தேகமா இருக்கு. என்னைய மாதிரியே ஒருத்தி திரியிறா."

அந்தப் பெண் எழுந்து போய் அதிகாரியைக் கூட்டி வந்தாள். அவர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "ஆள் மாறாட்டமா? முடக்கி வச்சுட்டுத்தான் விசாரிக்கணும்" என்று அட்டையைத் தன் பைக்குள் வைத்தார்.

இப்போது மதினி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

என் வாயில் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததோ எனக்குத் தெரியாது.

"சார்! இவுக இவுகதான் சார்! பக்கத்துல உக்காந்து சீரழியிற எனக்குத் தெரியாதா? காட்டுமாட்டுக்கிட்ட வம்புக்குப் போவாக. பஸ்ஸ மறிச்சு வசவு வாங்குவாக. ஒரு பூண்ட உடைக்கிறதுக்குள்ள ஒரு வாரத்துக் கதையச் சொல்லுவாக. இவுக மூஞ்சிய எவளாச்சும் திருடினா, சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து திருப்பிக் குடுத்துட்டு ஓடிருவா சார்! இன்னொருத்தியால இப்பிடி இருக்கவே முடியாது. கார்டக் குடுங்க!"

அப்புறம் வரிசையில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரிக்க, அதிகாரியும் சிரித்துவிட்டார். மதினி மட்டும் சிரிக்கவில்லை. இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடியே இருங்கம்மா, மூடிராதீங்க!" என்று அந்தப் பெண் மெஷினை அவர் கண் முன்னால் நீட்டினாள். பதிந்துவிட்டது. அட்டை கைக்கு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் மதினி அட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தலையெல்லாம் பூண்டு நாற்றம், வாயைத் திறந்து குறட்டை வேறு. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தலை ஜன்னல் கம்பியில் முட்டாமல் என் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மழை. கொட்டகை திறக்கவில்லை. மதினி ரேஷன் கடைக்குப் போய், கண்ணைக் காட்டி அரிசி வாங்கி வந்தார்.