கடலோர வீட்டுக்காரர்

பல் டாக்டருக்கு ஒரு வசதி உண்டு. அவர் பேசும்போது எதிராளியின் வாய் திறந்தே இருக்கும். பதில் மட்டும் வராது. இருபத்தாறு வருஷமாக அந்தச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நம்ம டாக்டர் உலகத்தில் உள்ள எல்லா விஷயத்துக்கும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் மறுத்ததில்லை. வீட்டுக்கு வந்தால் கதை மாறிவிடும். அங்கே வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் இருப்பவர் அவர்தான்.

அவர் மனைவி ஒரு பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அச்சில் வந்த எதையும் அவள் படிக்காமல் விட்டதில்லை. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூட முழுசாகப் படித்து, அதில் இரண்டு பிழை கண்டுபிடித்து, கம்பெனிக்குக் கடிதம் போட்டவள். வீட்டில் எந்த நாற்காலி எங்கே என்பது அவள் முடிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் துணிந்து சோபாவை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் சோபா பழைய இடத்தில் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை மிகவும் சுட்டது.

அன்றைக்கே முடிவு கட்டினார். தன் பேரில், தன் பேரில் மட்டும், ஒரு வீடு. அதில் அவர் போட்ட இடத்தில் சோபா கிடக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டு வீடுகளை விற்கும் தரகர் ஒருவர் கடைவாய்ப் பல் வலியோடு வந்து சேர்ந்தார். வேர் சிகிச்சைக்கு ஐந்து தடவை வர வேண்டியிருந்தது. வாயில் கருவி இருக்கும்போது டாக்டர் பேசினார். வாய் கொப்பளிக்கும் இடைவெளியில் தரகர் பேசினார். பல்லின் வேர் போவதற்குள் தரகர் டாக்டரின் மனசில் நன்றாக வேர் பிடித்துவிட்டார்.

தரகர் காட்டிய வீடு வெளிநாட்டில் ஒரு கடலோரப் பாறை மேல் இருந்தது. மூன்று பக்கம் கண்ணாடிச் சுவர், கீழே கடல். நீச்சல் குளத்துக்கு ஓரம் தெரியாது. தண்ணீர் நேராகக் கடலில் போய் விழுகிற மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ளேயே லிப்ட். குளியலறை மட்டும் ஐந்து. வீடியோவில் தரகரின் ஆள் ஒவ்வொரு அறையாக நடந்து காட்டியபோது, டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு தலைமை ஆசிரியர் பல் அச்சு எடுக்கும் மாவை வாய் நிறையக் கவ்விக்கொண்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். மாவு கல்லாகிப் போனது.

பணத்துக்குக் குறைவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்றைக்கோ வாங்கிப் போட்டிருந்த பழைய கிடங்கு ஒன்று எதிர்பாராத விலைக்குப் போயிருந்தது. சிக்கல் அங்கேதான். இருவருடைய பணம் என்பதால், வாங்குபவர் ஒருவராக இருந்தாலும் மற்றவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டம் சொன்னது. பத்திரம் இருபத்திரண்டு பக்கம். அதை அவள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று டாக்டருக்குத் தெரியும். முதல் பக்கத்தில் கால்புள்ளியைத் திருத்துவாள், இரண்டாம் பக்கத்தில் அவரைத் திருத்துவாள்.

ஆகவே அவள் படிக்க முடியாதபடி செய்ய வேண்டும். திங்கட்கிழமை காலையில் அவளுடைய மூக்குக் கண்ணாடி மேஜைமேல் இருந்தது. டாக்டர் அதன்மேல் உட்கார்ந்தார். முதல் தடவை உட்கார்ந்ததில் உடையவில்லை. எழுந்து மறுபடி உட்கார்ந்தார். பிறகு பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, தானே பழுது பார்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லி எடுத்துப் போனார். கண்ணாடிக் கடைக்காரரிடம், அவசரமே இல்லை, அடுத்த வாரம் கொடுத்தால் போதும் என்றார். கடைக்காரர் தன் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை தரகர் கிளினிக்குக்கு வந்து உறையைக் கொடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருந்தன. மஞ்சள் ஒட்டிய இடத்தில் டாக்டர், பச்சை ஒட்டிய இடத்தில் அம்மா என்று விளக்கினார். அன்று அவர் டாக்டர் முகத்தைப் பார்க்காமலே பேசினார். பல் வலி இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் உறையோடு போய் நின்றார். கிளினிக் இன்ஷூரன்ஸ், வருஷா வருஷம் புதுப்பிப்பதுதான், ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.

"கண்ணாடி இல்லையே. என்னன்னு நீங்களே ஒரு தடவை படிச்சுச் சொல்லிடுங்களேன்" என்றாள்.

டாக்டர் இதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார். பத்திரத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பி, வாய்க்கு வந்ததைப் படித்தார். தீ விபத்து வந்தால் இவ்வளவு, வெள்ளம் வந்தால் இவ்வளவு, நோயாளி டாக்டரைக் கடித்துவிட்டால் இவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"இருபத்திரண்டு பக்கமும் இதுதானா?"

"சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கான். இன்ஷூரன்ஸ்காரன் எழுத்து வேற எப்படி இருக்கும்?"

"நீங்க நல்லாப் படிச்சுட்டீங்க இல்ல?"

"வரி விடாம."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பச்சைத் தாளைத் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டு, மஞ்சள் ஒட்டிய இடங்களில் தன் கையெழுத்தை வேகமாகக் கிறுக்கினார். அன்றைக்கு அவர் சந்தோஷத்தில் ஒரு தம்ளர் பால் அதிகமாகக் குடித்தார். கல்யாணமான நாளாய் இவளை ஜெயித்தது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கடலைப் பார்த்து ஒரு நல்ல நாற்காலி அவளுக்கும் போட்டுக் கொடுக்கலாம் என்று தாராளமாக நினைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு கனத்த உறை வீட்டுக்கு வந்தது. டாக்டர் கிளினிக்கிலிருந்து வந்தபோது மனைவி அதைப் பிரித்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பத்து நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்குமூலத்தைத் தொடங்கினார். உன்னை ஆச்சரியப்படுத்தத்தான், நம்ம இரண்டு பேருக்கும்தான் என்றெல்லாம் சொல்லி, தான் ஒரு வீடு வாங்கியிருப்பதாக முடித்தார்.

"நீங்க வாங்கலை" என்றாள் அவள். "நான் வாங்கியிருக்கேன். நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

பத்திரத்தைத் திருப்பிக் காட்டினாள். வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயர். சம்மதிக்கும் கணவர் என்ற இடத்தில், மஞ்சள் தாள் ஒட்டியிருந்த தடத்துக்குப் பக்கத்தில், சந்தேகமே இல்லாமல் அவருடைய கிறுக்கல்.

பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் எதையும் பழுது பார்க்கத் தானாக எடுத்துப் போனதில்லை. எடுத்துப் போன அன்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளுடைய இன்னொரு கண்ணாடி எப்போதும் அச்சகத்து மேஜையில்தான் இருக்கும். மறுநாள், சட்டப்படி மனைவிக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று தரகரே வீட்டுக்குப் போன் செய்தார். அவள் பத்திரத்தின் நகலை வரவழைத்து, மதிய இடைவேளையில் இரண்டு தடவை படித்தாள். பதினோரு பிழை திருத்தினாள். அந்தப் பதினோரு பிழையில் வாங்குபவர் பெயரும் ஒன்று. யார் வாங்கினால் என்ன, தரகருக்குக் கமிஷன் ஒன்றுதான்.

"இதெல்லாம் மோசடி" என்றார் டாக்டர்.

"நான் படிச்சுச் சொல்லச் சொன்னேனே. நீங்க வரி விடாமப் படிச்சதாத்தானே சொன்னீங்க?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டத்தை விட்டுவிட்டு உறவுமுறையைப் பிடித்தார். "என்ன இருந்தாலும் வீட்டுக்காரர் நான்தானே?"

"எனக்கு வீட்டுக்காரர் நீங்கதான். அந்த வீட்டுக்கு வீட்டுக்காரி நான்."

பத்திரத்தை ரத்து செய்யப் போவதாகச் சொல்லி அவர் எழுந்தபோது, அவள் பதினேழாம் பக்கத்தை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை அவர் உண்மையாகவே படித்தார். வெளிநாட்டவர் வீடு வாங்கினால் வருஷத்தில் ஆறு மாதமாவது அங்கேயே தங்கியாக வேண்டும். தங்கும்போது தொழில் எதுவும் செய்யக் கூடாது. தவறினால் அனுமதி ரத்து. வீடு ஏலத்துக்குப் போகும். கிளினிக்கை ஆறு மாதம் பூட்டினால் எதிர் வரிசையில் புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டரம்மா ஊரில் உள்ள பல்லையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுவாள். அவர் பேரில் வாங்கியிருந்தால் வீடு போயிருக்கும், இல்லாவிட்டால் கிளினிக் போயிருக்கும். இது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. நன்றி சொல்வதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அச்சகத்தில் அவளுக்கு நீண்ட விடுப்பு பாக்கி இருந்தது. வீட்டின் உரிமையாளரோடு ஒரு துணை தங்கலாம் என்று விதி இருந்ததால், அவளுடைய அக்கா கூடக் கிளம்பினார். அக்கா நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஓரம் தெரியாத குளத்தைப் பற்றிக் கேட்டதுமே பெட்டி கட்டிவிட்டார். டாக்டர் இரண்டு பேரையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு, மதியம் ஒரு ஞானப்பல்லைப் பிடுங்கப் போனார்.

மூன்று மாதம் கடல் போட்டோவாக வந்தது. நாலாவது மாதம் அவருக்குத் தாங்கவில்லை. நோயாளிகளுக்கெல்லாம் பத்து நாள் தள்ளித் தேதி கொடுத்துவிட்டு, விசாவும் வாங்கிக்கொண்டு, மனைவிக்குப் போன் செய்தார். தன் வீட்டுக்குத் தான் வரப் போவதாகவும், கடலைப் பார்த்த பெரிய அறையைத் தயாராக வைக்கும்படியும் கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னார்.

அந்தப் பக்கம் ஏதோ நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பராமரிப்புச் செலவு ஏகத்துக்கும் ஆவதால், அக்காவின் யோசனைப்படி அறைகளை வெளியூர்ப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருப்பதாக மனைவி சொன்னாள். வீட்டு வாடகை தொழிலில் சேராது என்று பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறதாம்.

"கடல் பக்கத்து ரூமெல்லாம் அடுத்த மாசம் இருபதாம் தேதி வரைக்கும் புக் ஆயிடுச்சுங்க" என்றாள். "பின்னாடி மோட்டார் ரூமை ஒட்டி ஒண்ணு காலியா இருக்கு. உங்களுக்குன்னா பத்து சதவீதம் குறைக்க முடியுமான்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்."